உம்மாவின் கிணறும் வாப்பாவின் பெயரும்

இரண்டு பூவாளிகள் ஒன்றாகச் சாய்கிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் விடியும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கொன்றாகப் பூவாளிகளைத் தூக்கி, வெங்காயப் பாத்திகளின் இடுக்கில் நடப்பார். தண்ணீர் மணலில் விழும் ஓசையை மழையென்று நம்பி நான் பாயில் இன்னொரு தரம் புரண்டு படுப்பேன். ஈரமணலும் நசுங்கிய வெங்காயத் தாளும் கலந்த காரமான வாசனை யன்னல் வழியே வந்து மூக்கின் நுனியில் உட்காரும். அந்த வாசனைக்கு நான் இன்றைக்கும் அடிமைதான். அதை அழித்தவர்கள் வெள்ளைச் சட்டையும் அத்தருமாக எங்கள் வாசலில் வந்து நின்று, "உங்கட வாப்பா மாதிரி ஒரு கொடைகாரன் இனிப் பொறக்க மாட்டான்" என்று சொல்லும்போது, அவர்கள் முன்னால் தலையாட்டிக்கொண்டு நிற்பதைவிட நடந்ததை எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியில், நுரைச்சோலையைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புநீர்க் களப்புமாக நீண்டு கிடக்கிற மணல்தான் எங்கள் ஊர். வலப்பக்கம் உப்பு, இடப்பக்கம் உப்பு, தோண்டிக்கொண்டே போனால் அடியிலும் உப்பு. இத்தனை உப்புக்கும் நடுவில், மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் மணலுக்குள் ஒரு மெல்லிய படையாக நிற்கும். அந்தப் படையைத் தொட்டுக்கொண்டு எங்கள் காணியில் ஒரு கிணறு இருந்தது. காணி உம்மாவுடையது. அவளுடைய வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கிணறும் அதோடு வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் அது "தண்ணி நானாட கெணறு". நானா என்றால் அண்ணன்; தண்ணி நானா என்பது வாப்பாவுக்கு ஊர் வைத்த பேர். அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து அள்ளிப்போனவர்களில் ஒருவருக்குக்கூடக் கிணறு யாருடையது என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்ல அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

உழைப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாப்பாவின் உள்ளங்கைகளில் பூவாளியின் கைப்பிடி அழுத்திய இடம் மாட்டுக் குளம்பு மாதிரிக் கறுத்துத் தடித்திருந்தது. என் கன்னத்தைத் தடவ வந்தால் உள்ளங்கை கீறிவிடும் என்று புறங்கையால் தடவுவார். பெருநாளன்றுகூடப் பின்னேரம் புதுச் சாரத்தோடு போய்ப் பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் குசினி அவர் கைக்குப் போய்விடும். அடுப்பூதி, தேங்காய் துருவி, தெரியாத கையால் எனக்குத் தலை பின்னி, ஒரு சடை மேலேயும் மற்றது கீழேயுமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். ஒரு நாளும் கைநீட்டி யாரையும் அடித்ததில்லை. நல்ல புருசன். நல்ல வாப்பா. ஊர் இதற்காக அவரைப் புகழ்ந்திருந்தால் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஊர் புகழ்கிறது வேறொன்றுக்காக. கேட்டதற்கெல்லாம் "ஓம்" சொன்ன ஒரு வாய்க்காக.

சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் மோட்டர் வாங்கிய காலத்திலும் அவர் வாங்கவில்லை. மோட்டர் வைத்தால் கை நோகாதே என்று நான் கேட்டபோது, குனிந்து கிணற்றைக் காட்டிச் சொன்னார்: "மேல நிக்கிறது பாலாட மாதிரி, மகள். மெல்லக் கையால எடுத்தா வரும். கரண்டிய விட்டுக் கலக்கினா ஆடையும் இல்ல, பாலும் இல்ல." மத்தியான வெயிலில் யாரும் கிணற்றில் வாளி போடக்கூடாது, "கெணறு மூச்சு விடட்டும்" என்பார். இதை நான் ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு சிலர் அவருக்காகக் கண்ணீர் விட்டார்கள். அவருக்குத் தெரியும். அந்த மணலில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனங்கள் எங்கள் காணிக்குப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்த முகாமிலிருந்து பெண்கள் குடத்தோடு வருவார்கள். வாப்பா பூவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானே அள்ளி ஊற்றுவார். உம்மா அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கயிறு கையை அறுக்கும் என்று பழைய சீலையைக் கிழித்துக் கயிற்றின் நுனியில் சுற்றி வைத்தவளே அவள்தான். "குடத்தால எடுக்கிறது கெணத்துக்கு நோகாது" என்பாள். கொடுப்பது எது, பறிகொடுப்பது எது என்று எங்கள் வீட்டில் தெரிந்து வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

பிறகு மழை பொய்த்த ஒரு வருடம் வந்தது. எங்கள் காணிக்குப் பின்னால் பெரிய வெங்காயத் தோட்டம் ஹாஜியாருடையது. மதுரங்குளிச் சந்தியில் அவருக்குக் கடையும் இருந்தது. தன் கிணற்றில் மோட்டரை விடிய வைத்து இருட்ட நிறுத்தி, அடியில் இருந்த கடலை மேலே இழுத்துவிட்டு, உப்புத் தண்ணீரைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா எங்களிடம் இருந்த ஒரே நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால்.

"தம்பி, என்ட கெணறு போயிட்டு. வெங்காயம் எல்லாம் தலய தொங்கப் போட்டு நிக்கிது. ரெண்டு மூணு நாளைக்கு இஞ்சால ஒரு ஹோஸ் போட்டுக்குறன்."

வாப்பா கிணற்றுப் பக்கம் பார்த்தார். "போடலாம் ஹாஜியார். மோட்டர் தாங்குமா எண்டுதான்..."

"தண்ணிக்கு இல்ல எண்டு சொல்றதா தம்பி? தண்ணிய மறுத்தவன நாளைக்கு மறுமையில அல்லாஹ் மறுப்பான். நீங்க தொழுற மனுசன். இத நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். பாதிக் கோப்பை காலியாவதற்குள் வாப்பா "ஓம் ஹாஜியார், போடுங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் நீண்ட காலம் பயம் என்று நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது, அது பயமில்லை, சந்தோசம். ஊரின் பெரிய மனுசன் தன்னிடம் வந்து கேட்டுவிட்டான் என்கிற சின்னச் சந்தோசம். அதற்குத்தான் விலை கொடுத்தோம்.

ஹாஜியார் வீதியில் ஏறியதும் உம்மா கதவுக்கு வெளியே வந்தாள்.

"தாகத்துக்கு மறுக்கக் கூடாது எண்டுதான் மார்க்கம் சொல்லுது. அவர்ட வெங்காயம் என்ன, நோன்பு திறக்கப் போகுதோ?"

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடு புள்ள. மூணு நாள் எண்டா மூணு நாள்தான்."

"காணி என்டது. என்னட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

"உன்னட்ட என்னத்துக்குக் கேக்க? நான் இருக்கிறனே."

நான் இருக்கிறேனே! எத்தனை வீடுகளின் கூரை இந்த இரண்டு சொல்லுக்குக் கீழே இறங்கிப் போயிருக்கிறது. உம்மா சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். கல் தகரத்தில் விழுந்த வேகத்தை வைத்து அவள் சொல்லாததை எல்லாம் நான் கேட்டேன்.

மறுநாள் ஒரு நீண்ட கறுப்புக் குழாய், மலைப்பாம்பு மாதிரி, வேலியைத் தாண்டி வந்து எங்கள் கிணற்றுக்குள் தலையை விட்டது. மோட்டர் முழங்கியது. மூன்றாம் நாள் நிற்கவில்லை. ஒரு கிழமை கழித்தும் நிற்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு மறுபக்கத்துக் காணிக்காரர் ஒருவர் வந்தார்: "ஹாஜியாருக்குக் குடுத்திட்டு எனக்கு இல்லயா நானா? நாங்க ஏழையள் எண்டா?" வாப்பாவுக்கு அதற்கும் "ஓம்" தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. இரண்டாவது குழாய் வந்தது. மத்தியானத்தில் வாளி போடவிடாத மனிதர், மத்தியானம் முழுக்க இரண்டு மோட்டர்கள் உறிஞ்சும்போது கிணற்று விளிம்பில் குந்திக்கொண்டு, இறங்குகிற தண்ணீரையே பார்த்திருப்பார். எப்போதாவது எழுந்து போய், கையைக் கட்டிக்கொண்டு, மோட்டர் இயக்குகிறவனிடம் "கொஞ்சம் ஆறவிட்டு அடிச்சா நல்லம்" என்று கெஞ்சுவார். தன் பெண்சாதியின் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற கூலிக்காரனிடம் கெஞ்சினார். அவன் "ஓம் நானா" என்பான். அவனுக்கும் அந்தச் சொல்லின் பெறுமதி தெரிந்திருந்தது.

முதலில் கண்டுபிடித்தது உம்மா. வாப்பாவின் சாரத்தைக் கல்லில் போட்டுச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தேய்ப்பதை நிறுத்தினாள். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். சவர்க்காரம் துணியில் பிசுபிசுவென்று ஒட்டியதே தவிர நுரை வரவில்லை. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நனைந்த சாரத்தை அப்படியே கல்லில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அந்தச் சாரம் வெயிலில் மடிப்பு மடிப்பாக வெள்ளை பூத்துக் காய்ந்தது.

எங்கள் வெங்காயத் தாள்கள் நுனியில் கருகின. பிறகு பாதி வரை. பிறகு முழுப் பாத்தியும், யாரோ சுடுதண்ணீரை ஊற்றியது போலச் சாய்ந்தது. அந்தப் போகத்தில் ஹாஜியாரின் வெங்காயம் தப்பிவிட்டது; எங்கள் தண்ணீரைக் குடித்துப் பருத்த குமிழ்கள் லொறியில் ஏறி வீதியால் போனபோது நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன், வாசனையை வைத்தே தெரிந்தது. ஹாஜியார் ஒரு தரம் வந்து பார்த்தார். கதிரையில் உட்காரவில்லை. "அல்லாஹ்ட நாட்டம் தம்பி, என்ன செய்ய" என்று வாப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, ஆளை விட்டுக் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். தன் மோட்டரின் வேலையை அல்லாஹ்வின் தலையில் ஏற்றிவிட்டு அவ்வளவு லேசாக ஒரு மனிதர் நடந்து போனதை நான் அதற்குப் பிறகு அரசியல் மேடைகளில்கூடக் கண்டதில்லை.

வாப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு விடியலிலும் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, "இண்டைக்குக் கொஞ்சம் குறைவு போல" என்பார். ஒருநாளும் குறையவில்லை.

"உங்கட வாய்க்கு எல்லாம் இனிப்புத்தான்" என்பாள் உம்மா.

முகாமிலிருந்து வந்தவர்களில் சிலர், இத்தனை நாள் குடித்ததை மறந்துவிட்டு, "தண்ணி நானா இப்ப உப்புத் தண்ணிதான் தாறாரு" என்று நையாண்டி பண்ணிக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போனார்கள். ஒரே ஒரு வயதான மனுசி மட்டும், தூரத்துக் கிணற்றில் அள்ளிய குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து, உம்மாவின் பானையில் பாதியை ஊற்றிவிட்டுப் போவாள். "தம்பிட கையால குடிச்சவள் நான்" என்பதற்கு மேல் எதுவும் பேசமாட்டாள். முழு ஊரிலும் கணக்கில் எடுக்கத்தக்க நன்றி அந்த அரைக் குடம்தான்.

உப்பு எங்கள் கிணற்றைத் தின்றபிறகு வாப்பா உப்பிடமே கூலிக்குப் போனார். விடியலில் பஸ் ஏறிப் புத்தளத்து உப்பளத்துக்குப் போய், பாத்தியில் விளைந்த உப்பை வாரி, கூடையில் சுமந்து, குவியல் போட்டுவிட்டு, பாதத்தின் வெடிப்புகளில் உப்பு எரிய எரிய இருட்டோடு வருவார். உம்மா, சொல்ல வாய் கூசுகிறது, வேறொருவர் கிணற்றில் குழாயை விட்டுக்கொண்ட ஹாஜியாரின் தோட்டத்திலேயே வெங்காயம் பிடுங்கப் போனாள். தன் தண்ணீரில் பிழைத்த மண்ணில் நாட்கூலிக்குக் குனிந்தாள். வாப்பா அங்கேயும் திருந்தவில்லை. உப்பளத்தில் தன் சோற்றுப் பொதியைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவனுக்குப் பாதி கொடுப்பார். அந்தப் பொதியை உம்மா தான் தின்னாமல் கட்டினாள் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை, அல்லது ஏறியும் இறங்கிவிட்டது. ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தது. புகழ்வதற்கு ஒரு செலவும் இல்லை.

வருசங்கள் ஓடிப் போயின. வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள், குர்ஆன் ஓதிச் சோறு போடுகிற கத்தத்துக்கு, நான் இருக்கிற ஊரிலிருந்து சிலாபம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டுக்குள் போகுமுன்னே அதைக் கண்டேன்: பழைய கிணற்றைச் சுற்றி முளைக்குச்சிகள் அடித்து, நீல நைலோன் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கேட்பதற்கு முன்பே அளந்துவிட்டிருக்கிறார்கள்.

உம்மா இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தான பெண் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. உள்ளறையில், கதவுக்கு ஒரு திரை. வெளியே மண்டபத்தில் சஹன்கள் வைத்தாயிற்று. ஒவ்வொரு பெரிய தட்டைச் சுற்றியும் ஆறு பேர், ஆறு வாயிலும் இறைச்சியும் வாப்பாவும். நான் திரைக்கு உட்பக்கம், உம்மாவின் அருகில். ஹாஜியார் இப்போது இல்லை. அவருடைய மகன்தான் எழுந்தான். தகப்பன் விட்டுப்போன வெங்காயத் தோட்டத்தில், கடற்கரைப் பக்கமாக, வெள்ளைக்காரர் தங்குகிற கொட்டேஜ்கள் கட்டி வைத்திருக்கிறவன்; ஊர்முறைக்கு வாப்பாவை மாமா என்பவன்.

"மாமாட பேர்ல ஒரு தண்ணித் தொட்டி கட்டுவம். டைல்ஸ் பதிச்சு, பேர் பொறிச்சு. அந்த உப்புக் கெணத்த மூடிட்டு அதுக்கு மேலயே. தண்ணி கொண்டுவாற பவுசர் வந்து திரும்பப் பின்னால ஒரு பாதை மட்டும் வேணும். மாமிட காணிலதான். மாமா ஹயாத்தா இருந்தா ஒரு கேள்வி கேக்காம ஓம் எண்டிருப்பாரு."

பின்னால் ஒரு பாதை. காணிக்குப் பின்னால் கடற்கரையும் அவனுடைய கொட்டேஜ்களும் தவிர வேறு என்ன இருக்கிறது? சஹனைச் சுற்றியிருந்தவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அவன் திரைக்குக் கிட்ட வந்து குரலைத் தேன் பண்ணினான்.

"மாமி, உங்கட முடிவு?"

உம்மா கதைக்கவில்லை. கையிலிருந்த தஸ்பீஹ் மணி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. மண்டபம் காத்திருந்தது, அதிக நேரம் காத்திருக்கவில்லை. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள், அவள் குனிந்து மௌனமாக இருந்தால் அதையே சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

"மாமி ஒண்டும் சொல்லல்ல. அப்ப சம்மதம்தான். எல்லாரும் கையத் தூக்குங்க, பாத்திஹா ஓதுவம்."

திரையின் ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது, எல்லாக் கைகளும் மேலே.

"ஓதாதீங்க" என்றாள் உம்மா.

கைகள் அந்தரத்தில் நின்றன.

"காணி என்ட. தரமாட்டன்."

"மாமி, இது மாமாட பேருக்கு..."

"அவர்ட பேர உங்கட வீட்டுச் சுவத்தில பொறிங்க மகன். உங்கட காணில தொட்டியக் கட்டுங்க. நானும் குடத்தோட வந்து அள்ளிக் குடிக்கிறன்."

யாரோ ஒருவர், சோறு அப்பிய வாயோடு, "இத்தாவில இருக்கிற பொம்புள இப்பிடிச் சத்தமாக் கதைக்கிறா" என்று முணுமுணுத்தார்.

"மெல்லமாக் கதைச்சதத்தான் ஒருத்தரும் கேக்கல்லயே" என்றாள் உம்மா. பிறகு தஸ்பீஹைத் தொடர்ந்தாள்.

இறைச்சியைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பியவர் யாருமில்லை; சாப்பிட்டு முடித்து, கைகழுவி, பிறகுதான் கோபித்துக்கொண்டு போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. "அப்பிடிப்பட்ட மனுசனுக்கு இப்பிடி ஒரு பொண்சாதி." "பாவம், அந்த மனுசன் இவளோட எப்பிடித்தான் காலந்தள்ளினாரோ." பின்னேரம் அஸர் பாங்குக்கு முன்னாலேயே உம்மா ஊரின் கஞ்சப் பொம்பளை ஆகிவிட்டாள்.

எல்லாரும் போனபிறகு தோட்டத்தில் இறங்கினேன். வெங்காயப் பாத்திகள் இருந்த இடத்தில் எருக்கலை. முகாம் இருந்த தென்னந்தோட்டத்தில் இப்போது மதில் வைத்த வீடுகள், அவரவர் கூரையில் அவரவர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. அந்த அரைக்குடத்து மனுசி எங்கே போனாள், எங்கே அடங்கினாள் என்று சொல்ல ஆளில்லை. குடிக்கிற தண்ணீரைச் சந்திக் கடையில் கேன் கேனாக வாங்குகிறோம். கிணற்றை எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாசியும் என் முகமும்.

குனிந்து முதல் முளைக்குச்சியைப் பிடுங்கினேன். ஆழமாகத்தான் அடித்திருந்தார்கள், ஆட்டி ஆட்டித்தான் வந்தது. நீலக் கயிறு தளர்ந்து மணலில் விழுந்தது. இரண்டாவதையும், அதற்கடுத்ததையும் பிடுங்கிக் கைக்குள் சேர்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். இத்தாவில் இருக்கிறவள் வாசலுக்கு வரக்கூடாது. யன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த முருங்கைக்குப் பின்னால இன்னும் ஒண்டு இரிக்கி மகள்" என்றாள். "அதயும் புடுங்கிட்டு வா."